எடைக்கு வாங்கிய ஒலிப்பெட்டி

பழைய இரும்பு, பித்தளை, தாள் முதலியவற்றை எடைக்கு வாங்கும் கடையைத் தமிழக மக்கள் ‘காயலான் கடை’ என்று வழங்குகின்றனர். காயல்பட்டினத்து வணிகர்களின் தொடர்பால் வந்த பெயர் என்று பெரியவர்கள் கூறக் கேட்டிருக்கிறேன். சொல்லாராய்ச்சியில் எனக்கு ஈடுபாடு உண்டு. எனினும் அத்தகைய கடையொன்றின் வாயிலில் ஒரு முற்பகல் முழுவதும் நான் காத்து நின்றது சொல்லாராய்ச்சிக்காக அன்று.

என் வாப்பா மர்ஹூம் அவர்கள் சவூதி நாட்டில் பணியாற்றித் திரும்பியபோது கொண்டுவந்த பொருள்களுள் டேப் ரிக்கார்டர் ஒன்றும் இருந்தது. 1987ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில், பழவேற்காட்டு வீட்டு முற்றத்தில் அதனை வைத்து, தம் தாயார் ‘நூறு மசலா’ ஓதியதைக் கேசட்டில் பதிவு செய்தார்கள். மசலா என்பது வினா. 1572ஆம் ஆண்டில் அரங்கேறிய வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிரம் மசலா’ முதலாக வினாவும் விடையுமாக நடக்கும் இவ்விலக்கிய வகை நம் இல்லங்களில் பெண்களின் நாவில் வாழ்ந்தது. பாட்டியாருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. நூல் முழுவதையும் செவிவழியாகவே கற்றிருந்தார்கள். 1991இல் அவர்களும் 2009இல் வாப்பாவும் இறையடி சேர்ந்தனர்.

நானோ மசலா நூல்களையே பொருளாகக் கொண்டு எம்.பில். பட்டம் பெற்றவன். அச்சுப் பதிப்புகளைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாட வேறுபாடுகளை அட்டவணையிட்டேன். அலமாரியில் கிடந்த கேசட்டை மட்டும் கேட்கவில்லை. கேட்பதற்குக் கருவி இல்லை என்று பின்னாளில் சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. வாப்பா மறைந்த மறு ஆண்டு வீடு மாறியபோது, பழுதாகிவிட்டது என்று அக்கருவியை எடைக்குப் போட்டவனும் நானே.

சென்ற ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி, “ஐயா, இந்த நூலை யாராவது ஓதிக் கேட்டிருக்கிறீர்களா?” என்று வினவினாள். என்னால் அன்று விடை கூற இயலவில்லை.

திருவள்ளூர்த் தேரடிக்கு அருகில் வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் சென்றேன். “ஓடாத பெட்டியா இருந்தாலும் பரவாயில்ல சார், ஹெட் தேயாம இருக்கணும். மத்ததெல்லாம் ரப்பரும் கிரீசும்தான்” என்றார். பழைய கருவியை வாங்குவோர்க்கு இதனினும் சிறந்த அறிவுரை இருப்பதாக நான் கருதவில்லை. பேட்டரி வைக்கும் அறையில் அமிலம் கசிந்து அரித்திருக்கிறதா, கருகிய வாடை வருகிறதா, உள்ளிருக்கும் சிறு சக்கரம் விரலால் சுழற்றினால் சுழல்கிறதா, நாடாவைத் தொட்டு ஒலியை எடுக்கும் ஹெட்டின் முகத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக் கொடுத்தார்.

தேடல் கும்மிடிப்பூண்டியில் முடிந்தது. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் உலைகள் பல, பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்குபவை. ஆதலால் எங்கெங்கோ கழிக்கப்பட்ட பொருள்கள் லாரி லாரியாக அப்பகுதிக்கு வந்து சேர்கின்றன. சாலையோரக் கடையொன்றில், மின்விசிறி இறக்கைகளுக்கு அடியில், வாப்பா வைத்திருந்ததைப் போன்றே ஒரு பெட்டி கிடந்தது. “எதுக்கு பாய் இது? ஓடாது. மோட்டார்ல இருக்குற செம்புக்காகப் போட்டு வெச்சிருக்கேன்” என்றார் கடைக்காரர். தராசில் மூன்று கிலோ நின்றது. இருநூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். செம்பு தனியே போக, எஞ்சிய இரும்பு உலைக்குப் போயிருக்கும்.

மூடியைத் திறந்தபோது, மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் பெல்ட் இருந்த இடத்தில் தார் போன்ற கரிய பிசின் ஒட்டியிருந்தது. இரப்பர் ஆண்டுகள் பல கடந்தால் இவ்வாறு உருகுமாம். ஸ்பிரிட் தோய்த்த பஞ்சினால் அதைத் துடைத்து முடிக்க ஒரு மாலைப் பொழுது சென்றது. பழைய பெல்ட்டின் அளவு தெரியாமையால், முதியவர் சக்கரங்களைச் சுற்றி நூல் வைத்து அளந்து, சற்றே குறைத்துக் குறித்துக் கொடுத்தார். சென்னை ரிச்சி தெருவில் ஏழு கடை ஏறி இறங்கி வாங்கி வந்தேன். ஒரு பக்க ஒலிபெருக்கி ஊமையாக இருந்தது. பதிவுப் பொத்தானோடு இணைந்த நீண்ட ஸ்விட்சின் தகடுகளில் களிம்பு ஏறியதே காரணம். அதனை நாற்பது ஐம்பது முறை முன்னும் பின்னும் தள்ளியதும் ஒலி வந்தது.

அன்றிரவு நான் செய்த பிழையை மறைப்பதற்கில்லை. வெற்றுக் கேசட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள் என்று அவர் எச்சரித்திருந்தார். ஆவல் மிகுதியால் பாட்டியாரின் கேசட்டையே செருகினேன். நாடாவை இழுக்கும் உருளை சுழன்றது. அதைச் சுற்றிக்கொள்ள வேண்டிய பக்கமோ வழுக்கி நின்றுவிட்டது. நாடா வெளியே பிதுங்கி உருளையில் சுருண்டது. நிறுத்துவதற்குள் கசங்கி அறுந்தது ஏறத்தாழ ஒரு முழம். கேசட்டின் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுவது, ஆகவே, 9 நொடிகள். முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கரையானும் ஏரிக்கரை ஈரமும் தீண்டாததை நான் ஒரே கணத்தில் தீண்டினேன்.

அதன் பின்னரே பொறுமை வந்தது. வழுக்கிய சக்கரத்தின் இரப்பரை மாற்றினோம். நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் பழைய கேசட் ஒன்றை ஓட்டினால், அந்தக் கம்பீரக் குரல் சிறுவன் குரலாய் விரைந்தது. 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடத்துக்குச் சற்று மிகுதியாக ஓட வேண்டும். இதில் 26 நிமிடத்தில் முடிந்தது. மோட்டாரின் பின்புறத்துச் சிறு துளையில் மெல்லிய திருப்புளியை விட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேகத்தைக் குறைத்தோம். பாட்டியாரின் நாடாவிலிருந்து அறுந்த பகுதியை நீக்கி, முனைகளை ஒட்டி, திருகாணி வைத்த புதிய கூட்டுக்கு மாற்றினோம். பழைய கூட்டில் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் கம்பளித் துண்டும் உதிர்ந்திருந்தது. அப்போதும் ஒலி போர்வைக்குள்ளிருந்து பேசுவது போன்றே கேட்டது. ஹெட்டின் ஓரத்துத் திருகாணியை முதியவர் மயிரிழை அளவு திருப்பினார். ஏட்டுச் சுவடியில் மை தடவியதும் எழுத்து எழுந்து வருமே, அவ்வாறு குரல் துலங்கியது.

ஐம்பத்திரண்டு நிமிடங்கள் கேட்டேன். ஒவ்வொரு வினாவுக்குப் பின்னும் பாட்டியார் நிறுத்துகிறார்கள். சுற்றியிருந்த பெண்கள் விடையை முணுமுணுக்கிறார்கள். அதன் பின்னரே ஓதுகிறார்கள். அச்சுநூலில் இந்த மௌனத்திற்கு இடமில்லை. நான் ஒப்பிட்ட பதிப்புகளில் காணப்படாத வினாக்கள் மூன்று வந்தன. இவற்றினும் என்னைத் தலைகுனிய வைத்தது வேறொன்று. என் ஆய்வேட்டில் ‘அச்சுப்பிழை’ என்று துணிந்து தள்ளிய சொல்லை, அவர்கள் அச்சில் உள்ளவாறே, ஓசை சிறிதும் தட்டாமல் ஓதினார்கள். அப்பக்கத்தை இப்போது வகுப்பில் படித்துக் காட்டுகிறேன். பிழை என்னுடையது என்றும் சொல்கிறேன்.

தில்லியை அடுத்த குருகிராமில், அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் 1982இல் தொடங்கிய இசை ஒலிப்பதிவுக் காப்பகம் இயங்குகிறது. நன்று. ஆயினும் நம் வீட்டு அலமாரிக் கேசட்டுகள் தாமாக அங்கே நடந்து செல்வதில்லை. ஓடும் கருவியோ நாள்தோறும் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பதிவைக் கணினியில் ஏற்றி, மூன்று இடங்களில் படி வைத்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டிக் கடைக்காரரும் இப்போது இத்தகைய பெட்டி வந்தால் உடைக்காமல் எடுத்து வைக்கிறார். இதுவரை இரண்டு வந்தன.

கேட்டெழுதும் பணியும் நிறைவுற்றது. அறுந்த 9 நொடிகளில் ஒரு வினாவின் பிற்பாதியும் அதன் விடையின் முதலடியும் போயின. அச்சுநூலைக் கொண்டு நிரப்பலாம், நிரப்பவில்லை. ஏடு சிதைந்த இடத்தில் பதிப்பாசிரியர்கள் புள்ளியிட்டுவிடும் மரபைப் பின்பற்றிப் புள்ளிகள் இட்டிருக்கிறேன். அப்புள்ளிகளை அடுத்து நாடாவில் கேட்பது பாட்டியாரின் குரல் அன்று. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், “அப்புறம்?” என்கிறான். “சும்மா இருடா, உம்மா ஓதுறாங்க” என்று வாப்பா அதட்டுகிறார்கள்.