மேலூர் போகாத ரயிலுக்குப் பச்சைப் பெயின்ட்

அறுப்பு முடிஞ்சு, வைக்கோலைக் கட்டி ஏத்தி அனுப்பின மறுநாள், தங்கச்சி மகன் சென்னையிலிருந்து வந்து இறங்கினான். பையில துணிமணி கம்மி. பழைய துண்டுல சுத்தி ஒரு ரயில் எஞ்சின் இருந்துச்சு. பொம்மைன்னு சொன்னா கோவிச்சுக்குவான், மாடல்னு சொல்லணுமாம். நிஜத்தை 87-ல ஒரு பங்காச் சுருக்கினது. 17 மீட்டர் எஞ்சின் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மியா ஆயிடுது.

யாரோ வச்சிருந்து வித்ததைச் சல்லிசா வாங்கியிருக்கான். அமெரிக்காவுல ஆல்கோன்னு இருந்த கம்பெனியோட டீசல் எஞ்சின் மாடல். பக்கவாட்டுல ஏதோ ஒரு அமெரிக்க ரயில்வே பேரு, பாதி அழிஞ்சு கிடந்துச்சு. ஆனா அந்த நீள மூக்கைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சவங்களைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. நம்ம ஊருப் பழைய டீசல் எஞ்சின்களுக்கு மூலம் அதே ஆல்கோதான். அவங்க டிசைனை வச்சுத்தான் வாரணாசியில 1964-லிருந்து நாமளே செய்ய ஆரம்பிச்சோம்.

"இதை உரிச்சிட்டு வேற பெயின்ட் அடிக்கப் போறேன் மாமா."

"நம்ம ரயில் பெயின்டா?"

"இல்ல. இல்லாத ரயிலோட பெயின்ட்."

எனக்குப் புரியல. அவன் சொன்னான். டீசல் காலத்துல பொன்மலை, ஈரோடு, எர்ணாகுளம்னு ஒவ்வொரு ஷெட்டும் தன் எஞ்சினுக்குத் தனி நிறம் வச்சிருந்துச்சாம். தூரத்துல வரும்போதே எந்த ஊரு எஞ்சின்னு சொல்லிடலாம். அந்த நிறச் சேர்க்கைக்கு லிவரின்னு பேரு. சில பேரு நடக்காத கம்பெனி, போடாத லைன் ஒண்ணை மனசுல வச்சு, அதுக்கு ஒரு லிவரி யோசிச்சு அடிப்பாங்களாம். கலிபோர்னியாவுல ஜான் ஆலன்னு ஒருத்தர் வீட்டு நிலவறையில ஒரு முழுக் கற்பனை ரயில்வேயையே வருஷக்கணக்கா வளர்த்திருக்கார். 1973-ல அவர் செத்துச் சில நாள்லயே தீப்பிடிச்சுப் பெரும்பகுதி எரிஞ்சுபோச்சாம்.

மதுரைக்காரனுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. சித்திரையில அழகர் ஆத்துல இறங்கும்போது என்ன நிறப் பட்டு கட்டி வர்றாருன்னுதானே லட்சம் பேரு எட்டிப் பார்க்கிறோம். பச்சைன்னா அந்த வருஷம் செழிக்கும்னு எங்க ஆளுகளுக்கு நம்பிக்கை. அழகர் அன்னைக்கு ராத்திரி வந்து தங்குறது எங்க வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயில்லதான். நிறத்துல சேதி இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

வேலை ஆரம்பிச்சுச்சு. மூடியைக் கழட்டி, கொரோனா காலத்துல கையில தேய்ச்சோமே, அந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல ஊறப் போட்டான். கொஞ்ச நேரத்துல பழைய பெயின்ட் தோலு மாதிரி உரிஞ்சு வந்துச்சு. பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு, பாத்திரம் கழுவுற சோப்புல கழுவிக் காயவச்சான். அதுக்கப்புறம் வெறுங்கையால தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்துல பெயின்ட் ஒட்டாது. முதல்ல சாம்பல் நிற பிரைமர். அதுக்கு மேல வெளிர் நிறம் முதல்ல, அடர் நிறம் கடைசில.

ஏர்பிரஷ்ஷை அவன் பிடிச்ச விதம்தான் எனக்குப் பொறுக்கல. கிட்டக்க வச்சு ஒரே இடத்துல பீச்சினான், பெயின்ட் வழிஞ்சுச்சு.

"மாப்ள, மருந்தடிச்சிருக்கியா? செடிக்கு வெளியில ஆரம்பிச்சு, செடியைக் கடந்து போய் நிறுத்தணும். நடையும் ஒரே சீரா இருக்கணும். ஒரே தடவையில நனைக்காத, லேசா மூணு தடவை அடி."

கேட்டுக்கிட்டான். அடுத்த கோட்டிங் பனி படர்ந்த மாதிரி விழுந்துச்சு. முப்பது வருஷம் மருந்தடிச்சதுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும்னு நான் நெனைக்கல.

எந்த லைனுக்கு இந்த எஞ்சின்னு ரெண்டு பேரும் யோசிக்கவே இல்ல. மேலூர்தான். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த ஊரு. மதுரையிலிருந்து முப்பது கிலோமீட்டர் சுமாரு. அங்க இன்னைக்கும் ரயில் கிடையாது. மதுரையிலிருந்து காரைக்குடிக்கு ரயில்ல போகணும்னா மானாமதுரை சுத்தித்தான் போகணும். மேலூர், திருப்பத்தூர் வழியா நேர் லைன் வேணும்னு பல வருஷமாக் கேக்குறாங்க, சர்வேயும் நடந்திருக்கு. வராதுன்னும் சொல்ல முடியாது. போடி லைன் 2010 கடைசியில நின்னப்ப, அவ்வளவுதான்னு நெனச்சோம். 2022-ல தேனி வரைக்கும், 2023-ல போடிக்கும் அகலப் பாதையா திரும்பி வந்துச்சே.

காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு நான் லைன் வரைஞ்சேன். கற்பனைதானே, நேரா வடக்கே விடாம கிழக்கே வளைச்சு வண்டியூர் வழியா விட்டேன். எங்க ஊருக்கு ஒரு ஸ்டேஷன். பென்சில் அப்படியே போய் எங்க கிணத்து மேல நின்னுச்சு.

"கொஞ்சம் தள்ளி விடுங்க மாமா."

"தள்ளினா பெரியப்பா வீட்டு மல்லித் தோட்டம்."

"இந்தப் பக்கம்?"

"அது பக்கத்து வீட்டுக்காரரு வயல். அவருக்கு இருக்கிறதே அதுதான்."

எத்தனை தடவை அழிச்சு வரைஞ்சாலும் யாராவது ஒருத்தர் நிலத்துலதான் போகுது. கிணறு, களம், வரப்பு ஓரத்துத் தென்னை எல்லாம் எனக்கு ஆளோட பேரோட தெரியும். ஆபீஸ்ல உட்கார்ந்து வரையறவங்களுக்கு அது வெறும் வெள்ளைத்தாள்.

ரிங் ரோடு போட்டப்ப எங்க கீழ வயல்ல முப்பது சென்ட் போச்சு. வந்த பணத்துலதான் தங்கச்சி கல்யாணம் நடந்துச்சு. அதே ரோட்டுலதான் இப்ப உத்தங்குடி போய் மேலூர் ரோட்டைப் பிடிச்சு அவளைப் பார்க்கப் போறேன். அந்த ரோடு நல்லதா கெட்டதான்னு யாராவது கேட்டா எனக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் வராது. ரயில் வேணும்னு மனுக் கொடுத்தா நானும் கையெழுத்துப் போடுவேன். என் வயலை அளக்க வந்தா நானும் போய் மறிச்சு நிப்பேன். ரெண்டும் நான்தான்.

இதையெல்லாம் மாப்பிள்ளைகிட்டச் சொல்லல. தாளை மடிச்சு வச்சிட்டு, "நிறத்தைப் பார்ப்போம்"னு சொன்னேன். அவன் காவியும் சாம்பலும் கேட்டான், புது வந்தே பாரத் மாதிரி. நான் விடல. ஜன்னலுக்குக் கீழ மல்லி வெள்ளையில ஒரு மெல்லிசுக் கோடு, உடம்பு முழுக்க நாத்துப் பச்சை, அடியில கரம்பை மண் நிறம். அந்தப் பச்சைக்கே ஒரு சாயங்காலம் ஆச்சு. மஞ்சளைச் சொட்டுச் சொட்டா விட்டுக் கலக்கி, நடவு முடிஞ்சு இருபதாம் நாள் பயிரு எப்படி இருக்குமோ அந்த நிறம் வந்ததும் நிறுத்தச் சொன்னேன். டேப்பு ஒட்டின ஓரத்துல முதல்ல வெள்ளையையே ஒரு தடவ பூசிட்டு, அப்புறம்தான் பச்சையை அடிச்சான். அப்பத்தான் டேப்புக்கு அடியில பச்சை கசியாதாம். டேப்பை உரிச்சப்ப கோடு வரப்பு வெட்டின மாதிரி நின்னுச்சு. ஷெட் பேரு எழுதற இடத்துல நுனிப் பிரஷ்ஷால "வண்டியூர்"னு எழுதினான்.

ஞாயித்துக்கிழமை தங்கச்சி வந்தா. திண்ணையில ஒரு கஜம் தண்டவாளம் போட்டு எஞ்சினை நிறுத்தியிருந்தோம்.

"இது எங்கடா போகுது?"

"மேலூருக்கும்மா."

சிரிச்சா. குனிஞ்சு கொஞ்ச நேரம் பார்த்தா. "இது நம்ம கீழ வயல் பச்சைல்ல அண்ணே"ன்னா.

நான் ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் வண்டியில ஏத்திக்கிட்டு ரிங் ரோடு வழியா உத்தங்குடி போய், மேலூர் பஸ்ல ஏத்தி விட்டுட்டு வந்தேன்.