நான் படித்த இரு புதினங்கள்

மைசூருவில் வாழும் எனக்கு இக்கோடை விடுமுறையில் இரு புதினங்கள் துணையாயின. முதலாவது, கி. ராஜநாராயணன் எழுதி 1976இல் வெளிவந்த 'கோபல்ல கிராமம்'. தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்த மக்கள், காட்டைத் திருத்திக் கரிசல் மண்ணில் ஊர் அமைத்த கதையை அது கூறுகிறது. அதில் மூதாட்டி மங்கத்தாயார் பழங்கதை சொல்லும்போது, தமிழகத்திலிருந்து இவ்வூருக்குக் குடிவந்ததைக் கூறும் என் பாட்டியின் குரலே என் செவியில் ஒலித்தது.

இரண்டாவது, மைசூருவில் வாழ்ந்த ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதி 1935இல் வெளிவந்த 'சுவாமியும் நண்பர்களும்'. கிரிக்கெட் போட்டிக்கு வராத சுவாமியிடம் ராஜம் சினம் கொள்கிறான். தந்தையின் பணிமாற்றத்தால் ராஜம் ஊரை விட்டுச் செல்லும் நாளில், சுவாமி ஒரு நூலைப் பரிசாகக் கொண்டு புகைவண்டி நிலையம் செல்கிறான். ராஜம் அவனை மன்னித்தானா என்பது நமக்குத் தெளிவாகத் தெரிவதில்லை.

அதைப் படித்ததும் என் நெஞ்சம் கனத்தது. சென்ற ஆண்டு என் தோழியும் தந்தையின் பணிமாற்றத்தால் பிரிந்து சென்றாள். சிறு பிணக்கின் காரணமாக நான் வழியனுப்பச் செல்லவில்லை. நூலை மூடிவிட்டு அவளுக்கு மடல் எழுத அமர்ந்தேன். "என்னை மன்னித்துவிடு" என்னும் முதல் வரியை எழுதவே நெடுநேரம் ஆயிற்று.