சென்னையிலிருந்து வந்த உப்பு

மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்து ஊர் எக்கியார்குப்பம். அந்த ஊருக்கு ஒருவர் உப்பு வாங்கிக்கொண்டு வருவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனால், பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த மகள், பையிலிருந்து எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தது உப்பைத்தான். இளஞ்சிவப்பு நிறம், பளபளக்கும் பாக்கெட், முன்பக்கம் பனிமலைப் படம்.

“இனிமே இதைத்தான் போடணும்மா. பிரஷருக்கு நல்லது. 84 தாது இருக்காம்.”

அம்மாவுக்கு 58 வயது. கணவர் கடலுக்குப் போனவர். இவர் இருபது வருடங்களுக்கு மேல் அளத்தில் கூலி வேலை பார்த்தவர். மழைக்காலம் முடிந்து பாத்தியில் தண்ணீர் கட்டினால், அடுத்த மழை வரும்வரை விடிவதற்கு முன்பே அங்கே நிற்க வேண்டும். வாரிய உப்பைத் தலையில் சுமந்து கரையேற்ற வேண்டும். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டால் அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. வீட்டுக்கு வேண்டிய கல்லுப்பு அங்கிருந்தே வந்துவிடும். அந்தக் கல்லுப்பைத்தான் மகள் வேண்டாம் என்றாள்.

“விலை இன்னா?”

கிலோ நூறு ரூபாய்க்கு மேல் என்றதும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இந்தக் காசுக்கு அளத்துல எவ்ளோ வாரணும் தெரியுமா கண்ணு?”

சிரித்தாலும், மகள் வாங்கித் தந்ததாயிற்றே. ஜாடியைக் கழுவிக் காயவைத்து அதில் கொட்டிவைத்தார். நல்ல உப்பு என்று ஆனபிறகு கை தாராளமானது. மோரில் ஒரு சிட்டிகை, பழைய சோற்றில் ஒரு சிட்டிகை, குழம்பில் இறங்கும்போது இன்னும் கொஞ்சம். பிரஷர் மாத்திரையைக்கூட ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கிவிட்டார். உப்பே மருந்தாக இருக்கும்போது மாத்திரை எதற்கு?

மாசி மாதம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவருக்குத் தலை சுற்றியது. மருத்துவமனையில் பார்த்தால் 180-க்கு 110.

“உப்பைக் குறைச்சீங்களா?” என்று கேட்டார் நர்ஸம்மா.

“மாத்திட்டேம்மா” என்றார் இவர், கொஞ்சம் பெருமையோடு.

எத்தனையோ வீடுகளில் இன்று நடப்பது இதுதான். குறைப்பது கஷ்டம், மாற்றுவது சுலபம். சர்க்கரையைக் குறைக்காமல் நாட்டுச்சர்க்கரைக்கு மாறுகிறோம், பிஸ்கட்டை விடாமல் சிறுதானிய பிஸ்கட்டுக்கு மாறுகிறோம். கடைக்காரருக்கும் அதுதான் வசதி. ‘கம்மியாச் சாப்பிடு’ என்று எழுதி எந்தப் பாக்கெட்டை விற்க முடியும்?

அந்த இளஞ்சிவப்பு உப்பு பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள கேவ்ரா சுரங்கத்தில் வெட்டப்படுவது. நிறம், அதில் கலந்திருக்கும் இரும்பின் துரு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் சாதாரண சோடியம் குளோரைடுதான். மீதித் தாதுக்கள் உடம்புக்கு உதவும் அளவுக்கு வேண்டுமென்றால், ரத்த அழுத்தத்தை எகிறவைக்கும் அளவுக்கு உப்பைத் தின்ன வேண்டியிருக்கும். சித்த மருந்துகளில் சேரும் இந்துப்பும் இதே பாறை உப்பு வகைதான். மருந்தில் அளந்து போடுவது வேறு, குழம்புச் சட்டியில் அள்ளிப் போடுவது வேறு. எந்த நிற உப்பானாலும் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு சின்ன டீஸ்பூன் அளவு. ஊறுகாயும் கருவாடும் அந்தக் கணக்குக்குள்தான் அடக்கம்.

ஐம்பது கோடி வருடங்களுக்கும் முன்பு வற்றிப்போன கடல் அது என்று கேட்டதும், “அப்ப அதுவும் அளத்து உப்புதானே!” என்றார் அம்மா.

ஆனால், அளத்து உப்புக்கும் பனிமலைப் படம் போட்ட உப்புக்கும் ஒரே குறை உண்டு. இரண்டிலும் அயோடின் இல்லாதது போலத்தான். கடலில் அயோடின் இருந்தாலும் வெயிலில் காய்ந்த உப்பில் அது மிகக் கொஞ்சமே தங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் முன்கழுத்துக் கழலை ஊரெல்லாம் இருந்ததே இமயமலை அடிவாரத்தில்தான். டாக்டர் ராமலிங்கசாமியும் அவர் குழுவினரும் 1956-ல் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வில், அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்துக் கழலை குறைவதைக் கண்டார்கள். 1962-ல் தேசியத் திட்டம் வந்தது. 2006-லிருந்து நேரடியாகச் சாப்பிட விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம். அதற்குப் பளபளப்பு இல்லை, மலைப்படமும் இல்லை. வீட்டுக்கு வரும்போது ஒரு கிலோவில் வெறும் 15 மில்லிகிராம் இருந்தால் போதும்.

சித்திரையில் மகள் மறுபடி வந்தாள். நான்கு மாதம். சென்னையில் அவள் வீட்டிலும் சிவப்பு உப்புதான் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு நர்ஸம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர தாய்க்கு அயோடின் வேண்டும். தன் பிரஷருக்காகப் பேசாத பேச்சையெல்லாம் அன்று பேசினார். மகள் போனைத் தடவிக்கொண்டே, “சரிம்மா, பார்க்கிறேன்” என்றாள்.

இப்போது இவர் மாத்திரையை விடுவதில்லை. குழம்பில் உப்பு பாதியானது. கருவாட்டை விடுவதுதான் பெரும்பாடு. ஜாடி உப்பு, வெந்நீரில் கரைந்து பழைய கால் வெடிப்புக்கு இதமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

பஸ் ஏற்றிவிடும்போது பை கனத்தது. மகள் திறந்து பார்த்தாள். முருங்கைக்கீரை, கழுவி மசாலா தடவிய மீன், அடியில் இரண்டு பாக்கெட் அயோடின் உப்பு.

“ஏம்மா, உப்பு சென்னையில கிடைக்காதா?”

“கிடைக்கும். நீ வாங்க மாட்டே.”