கல்வராயன் மலையும் கண் மங்கிய காரும்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கச்சிராயபாளையம் செல்லும் சாலையில் தை மாதத்தில் பிரயாணம் செய்வது கண்ணுக்கு ஒரு விருந்து. இரு மருங்கிலும் கரும்புக் கொல்லைகள். அவற்றின் தலைக்கு மேலே, வானத்தின் விளிம்பில் நீலத் துணியை மடித்து வைத்தாற்போல் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலையைச் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரு கூறாகச் சொல்வார்கள். முன்னதன் சராசரி உயரம் 2,700 அடி. பின்னதன் உயரம் 4,000 அடி. உதகமண்டலத்தையும் கொடைக்கானலையும் கண்டவர்களுக்கு இது அற்ப உயரமாகத் தோன்றலாம். ஆனால் மலைப் பாதையில் இரவு வந்துவிட்டால் உயரத்தைப் பற்றிய பெருமை எல்லாம் மறைந்து போகும். அப்போது மனிதனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தைப் பற்றித்தான் இன்று நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

பொங்கல் விடுமுறையில் நாம் இம்மலையைக் காணச் சென்றது நண்பர் ஒருவருடைய பழைய அம்பாஸடர் காரில். இந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்வது நன்றி கெட்ட செயலாகும். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1942-ஆம் ஆண்டில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தோன்றி, 1948-ல் வங்காளத்தின் உத்தரபாராவுக்குக் குடிபெயர்ந்தது. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையை மாதிரியாகக் கொண்டு 1957-ல் அங்கே பிறந்ததுதான் அம்பாஸடர். அதன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதம் நின்றது. இடைப்பட்ட காலத்தில் மந்திரிகளைச் சுமந்தது, மணமக்களைச் சுமந்தது, ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வேதனையோடு போன பெண்களையும் சுமந்தது. மோட்டார் வண்டிகளுக்கான மின்சாரக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்வதற்கு லூகாஸ்–டி.வி.எஸ். கம்பெனி 1961-ல் சென்னையை அடுத்த பாடியில் ஏற்பட்டது. சுதேசித் தொழிலின் சரித்திரத்தில் இவையெல்லாம் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கவை.

ஆனால் சரித்திரப் பெருமை துருவைத் தடுக்காது. பல்லாண்டு மழையும் வெயிலும் பட்ட வண்டிக்கு மனிதனைப் போலவே முதலில் கண் மங்குகிறது. நாம் கள்ளக்குறிச்சியை அடைந்த மாலையில் நண்பர் முன்விளக்குகளைப் போட்டார். இடது விளக்கு பளிச்சென்று எரிந்தது. வலது விளக்கோ எண்ணெய் வற்றிய அகலைப் போல் மஞ்சளாக முனகிற்று. பின்புறம் சென்று பார்த்த அவருடைய புதல்வன் வேறொரு விநோதத்தைக் கண்டான். இடது பக்கம் திரும்புவதற்கான இண்டிகேட்டரைப் போட்டால், அதனுடன் சிவப்புப் பின்விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டிற்று! நண்பர் உடனே கடைக்குச் சென்று புதிய பல்பு ஒன்று வாங்கி வந்து முன்விளக்கில் மாட்டினார். புதிய பல்பும் பழைய பல்பைப் போலவே முனகிற்று.

மலையேறும் யோசனையை மறுநாளைக்கு ஒத்திவைத்து, கச்சிராயபாளையம் சாலையிலுள்ள ஒரு சிறு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனோம். அங்கிருந்த எலக்ட்ரீஷியன் ஐம்பது பிராயம் கடந்தவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் பல்பின் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. ஒரு நீண்ட ஒயரை எடுத்தார். அதன் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த்து முனையிலும், மறு முனையை வலது விளக்கிலிருந்து வெளியேறும் எர்த்து ஒயரின் நுனியிலும் வைத்து அழுத்தினார். மறுகணமே வலது விளக்கு இடது விளக்குக்குச் சமமாகப் பிரகாசித்தது. ஒயரை எடுத்தார்; மறுபடியும் மங்கிற்று.

"ஐயா, விளக்கில் ஒரு குறையும் இல்லை. போகிற வழியும் சரியாகத்தான் இருக்கிறது. திரும்புகிற வழிதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. மேயப் போன மாடு வீடு திரும்பினால்தானே பால்?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் மோட்டார் வண்டியின் மின்சார சாஸ்திரம் முழுவதும் அடங்கிவிட்டது. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் சுவிட்சு வழியாக விளக்கை அடைந்து, அங்கே ஒளியைக் கொடுத்துவிட்டு, மறுபடியும் பேட்டரிக்கே திரும்ப வேண்டும். போவதற்கு ஒயர் உண்டு. திரும்புவதற்கு வண்டியின் இரும்பு உடலே வழி. இதைத்தான் எர்த்து என்கிறார்கள். விளக்குக்கும் உடலுக்கும் இடையிலுள்ள திருகாணியில் துருவோ வண்ணப் பூச்சோ படிந்தால் திரும்பும் வழி குறுகிவிடுகிறது. நேராகத் திரும்ப முடியாத மின்சாரம் அடுத்த வீட்டுச் சந்தில் நுழைந்து போகப் பார்க்கும். இண்டிகேட்டரின் மின்சாரம் பின்விளக்கின் வழியே திரும்ப முயன்றதால்தான் அதுவும் சேர்ந்து சிமிட்டிற்று. ஒரு விளக்கைப் போட்டால் சம்பந்தமில்லாத மற்றொரு விளக்கு விழிக்குமானால், அங்கே எர்த்து கெட்டிருக்கிறது என்று பெரும்பாலும் தீர்மானித்துவிடலாம்.

சிறு துரு இவ்வளவு செய்யுமா என்று ஐயுறுவோர் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட் வண்டியில் 60 வாட் விளக்கு 5 ஆம்பியர் மின்சாரம் வாங்கும். வழியில் கால் ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட்டுக்கு மேல் வீணாகும். பன்னிரண்டில் ஒன்று போனால் என்ன என்று எண்ணலாகாது. இழை விளக்கின் சுபாவம் விசித்திரமானது. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி பத்தில் ஏறக்குறைய மூன்று பங்கு குறைந்து போகும். எதிரே வரும் எருமையை நூறடியில் காண்பதற்கும் எழுபதடியில் காண்பதற்கும் உள்ள வித்தியாசத்தை, மலைப் பாதையில் வண்டி ஓட்டியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

எலக்ட்ரீஷியன் திருகாணியைக் கழற்றினார். உப்புத்தாள் கொண்டு இரும்பு வெள்ளியாக மின்னும் வரையில் தேய்த்தார். புதிய வாஷர் வைத்து இறுக்கி, மேலே சிறிது வாஸலின் தடவினார். பின்விளக்குக்கும் அதே சிகிச்சை. அரைமணி நேரத்தில் இரண்டும் குணமாயின. வேலை நடக்கையில் அவர் சொன்ன விஷயங்கள், பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு உபயோகமானவை. ஆதலால் அவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

முதலில், பழுது ஒரு விளக்கிலா, எல்லா விளக்குகளிலுமா என்று பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மங்கினால் அதன் பல்பு, ஹோல்டர், எர்த்து இவற்றைத் தாண்டித் தேட வேண்டியதில்லை. எல்லாம் மங்கினால், எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில், அதாவது பேட்டரி, அதன் முனைகள், விளக்குச் சுவிட்சு, டிம்மர் சுவிட்சு இவற்றில் தேட வேண்டும். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். நன்றாக நிரம்பிய பேட்டரி, வண்டி ஓய்ந்திருக்கையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2 காட்டினால் பாதிதான் மிச்சம்.

இரண்டாவது, சுவிட்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரு முன்விளக்குகளும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கின்றன. பழைய வண்டிகளில் அவ்வளவும் சுவிட்சின் வழியாகவே செல்லும். உள்ளே செம்பு கறுத்து 0.12 ஓம் தடை உண்டானால், அங்கே 12 வாட் வெப்பம் பிறக்கும். ரேடியோக் கடையில் ஈயம் பற்றவைக்கும் சிறு கோலின் சூடு ஏறக்குறைய அவ்வளவுதான்! சுவிட்சு சுட்டால் அங்கே ஒளி திருடு போகிறது என்று பொருள். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து, நடுவில் பியூஸும் ரிலேயும் வைத்துவிட்டால், சுவிட்சு வெறும் கட்டளை இடும். பாரத்தை ரிலே சுமக்கும். அதைச் செய்யாமல், வெளிச்சம் போதவில்லையென்று 100 வாட் பல்பை மாட்டுவது, நடக்க முடியாத கிழவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவது போன்றது. ஒயர் உருகும், எதிரே வருகிறவர் கண்ணும் கூசும்.

மூன்றாவது, பியூஸ். பியூஸ் போவது குற்றமன்று. குற்றத்தைக் காட்டும் சாட்சி அது. சாட்சியை விரட்டிவிட்டுச் சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி வைக்கிறவர்கள், வண்டிக்குத் தீ மூட்டும் காரியத்தைச் செய்கிறார்கள். எங்கோ ஒயரின் உறை தேய்ந்து செம்பு இரும்பைத் தொடுகிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இரும்புத் தகட்டைத் துளைத்து ஒயர் செல்லும் இடங்களில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் பெரும்பாலும் இற்றுப் போயிருக்கும். மேடுபள்ளத்தில் மட்டும் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் தேட வேண்டிய இடமும் அதுவே.

நான்காவது, ஒயர்களின் நிறம். லூகாஸ் முறையில் ஒயர் போட்ட வண்டிகளில் நிறங்களுக்கு ஒரு பாஷை உண்டு. பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேராக வருவது. நீலத்தில் வெள்ளைக் கோடு தூர வெளிச்சத்துக்கு. நீலத்தில் சிவப்புக் கோடு தாழ்ந்த வெளிச்சத்துக்கு. சிவப்பு பின்விளக்குக்கு, கறுப்பு எர்த்துக்கு. இந்தப் பாஷை தெரிந்தவர் இருட்டிலும் வழி தவற மாட்டார். ஆனால் முன்பு எவரேனும் கையில் கிடைத்த ஒயரால் ஒட்டுப்போட்டிருந்தால் நிறத்தை நம்பலாகாது. டெஸ்ட் விளக்கைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1960-களின் நடுப்பகுதி வரையில் வந்த ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாஸிடிவ் முனையே உடலோடு சேர்க்கப்பட்டிருந்தது. பின்னால் நெகடிவ் முனையைச் சேர்ப்பது வழக்கமாயிற்று. தம் வண்டி எந்த ஜாதி என்று அறியாமல் ஒயரைத் தொடலாகாது. வேலை தொடங்குமுன் பேட்டரியின் எர்த்துக் கம்பியைக் கழற்றிவிடுவதும் நலம்.

மறுநாள் காலையில் மலையேறினோம். கோமுகி அணையைக் கடந்ததும் வளைவுகள் ஆரம்பமாகின்றன. வெள்ளிமலையில் தேநீர் அருந்தி, கரியாலூர் சென்று, பெரியார் நீர்வீழ்ச்சியைக் கண்டோம். வழியெல்லாம் மரவள்ளிக் கொல்லைகள். கல்வராயன் மலைக் கடுக்காய்க்கு மருந்துக் கடைகளில் தனி மதிப்பு உண்டு. மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் தலையில் விறகுக் கட்டோடு சாலையோரமாக நடந்து செல்கிறார்கள். பாரத தேசம் 1947-ல் விடுதலை அடைந்தது நமக்குத் தெரியும். ஆனால் இம்மலை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்திலிருந்து விடுபட்டு அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது 1976-ல்தான் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானது 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இம்மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றிய வழக்கை எடுத்துக்கொண்டது.

இறங்கும்போது இருட்டிவிட்டது. ஒரு வளைவில், கையில் தூக்குப் பாத்திரத்துடன் ஒரு மூதாட்டியும் ஒரு சிறுமியும் சாலையின் ஓரத்திலே வந்துகொண்டிருந்தார்கள். நமது வலது விளக்குதான் அவர்களை முதலில் காட்டிற்று. நண்பர் வேகத்தைத் தணித்து, வெளிச்சத்தைத் தாழ்த்தி, அவர்கள் கடந்து செல்லும் வரையில் காத்திருந்தார். முந்திய மாலையே மலையேறியிருந்தால் என்று நினைத்தபோது காரில் ஒருவரும் பேசவில்லை.

சமவெளிக்கு வந்தபின் மற்றோர் ஆபத்து எதிர்ப்பட்டது. கச்சிராயபாளையத்துக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள் வரிசையாக ஊர்ந்தன. சிலவற்றின் பின்னால் ஒரு சிவப்பு மினுக்கும் இல்லை. பின்புறத்துச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பது 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதி. விளக்கு நாம் பார்ப்பதற்கு மட்டும் அன்று; பிறர் நம்மைப் பார்ப்பதற்கும்தான். பின்விளக்கை ஓட்டுகிறவர் தாமே காண முடியாதாகையால், புறப்படுமுன் குழந்தைகளில் ஒருவரைப் பின்னே நிறுத்திப் பிரேக்கை மிதித்துக் காட்டுவது ஒவ்வொரு குடும்பமும் கைக்கொள்ள வேண்டிய நல்ல வழக்கம்.

பட்டறைக்காரர் சொன்ன வாக்கியம் நம்மை விட்டு அகலவில்லை. மலையிலிருந்து தண்ணீர் கோமுகியாய் இறங்கி நம் நெல்லையும் கரும்பையும் வளர்க்கிறது. கடுக்காயும் மரவள்ளியும் இறங்கி வருகின்றன. கூலி வேலைக்கு மக்களும் இறங்கி வருகிறார்கள். அவற்றுக்கு ஈடாகச் சாலையும் பள்ளிக்கூடமும் வைத்தியமும் தவறாமல் மலையேறித் திரும்புகின்றனவா? எந்த வழி அடைபட்டாலும் விளக்கு மங்கத்தான் செய்யும். பல்பை மாற்றுவதில் பயனில்லை. துருவைத் தேய்க்க வேண்டும்.