அலுமினியத்தின் பொன்னிறம்

ஜனவரி 18, 2025, சனி

அண்ணன் மகளுக்கு பிப்ரவரி 9 அன்று வளைகாப்பு. அழைப்பிதழ் அறுபது போதும். "ஆனா கடையில வாங்கின மாதிரி இருக்கக் கூடாது" என்பது அண்ணியின் உத்தரவு. புதுச்சேரி ஆசிரமத்தின் கைவினைக் காகிதம் ஒரு கட்டு அலமாரியில் இருக்கிறது. 1959இல் தொடங்கிய ஆலை அது. பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளி, பிழிந்து உலர்த்திய தாள். பூவிதழ் பதிந்தவற்றை ஒதுக்கிவிட்டு வெளிர் மஞ்சள் தாள்களை எடுத்து வைத்தேன்.

பெண்ணின் பெயரும் வளையல் வரிசை ஒன்றும் மட்டும் தங்க நிற ஃபாயிலில். மற்ற வாசகமெல்லாம் பிறகு பேனாவால். அதையும் சேர்த்து அச்சடித்தால் நாள், நேரம், மண்டபம் எல்லாவற்றிலும் ஃபாயில் ஏறிக்கொள்ளும். எல்லாமே மின்னினால் எதுவுமே மின்னாது.

ஜனவரி 20, திங்கள்

ஜெராக்ஸ் கடைத் தம்பி தாளைத் தடவிப் பார்த்துத் தயங்கினார். "பஞ்சு உதிரும்போல இருக்கேக்கா, ரோலர்ல ஒட்டிக்கும்." துணியால் துடைத்துத்தான் கொண்டுபோயிருந்தேன். கறுப்புத் துணியில் தாளைத் தேய்த்துக் காட்டிய பிறகு, ஒவ்வொரு தாளாகக் கையால் செலுத்திக் கொடுத்தார்.

லேசர் பிரின்டர்தான் இதற்கு வேண்டும். டோனர் திரவ மை அல்ல, நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. சூட்டில் உருகிக் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி சூடு பட்டால் மறுபடி இளகும். அந்த இளக்கத்தில்தான் ஃபாயில் ஒட்டுகிறது. இங்க்ஜெட் மை காகிதத்துக்குள் ஊறிப்போய்விடுவதால் ஃபாயிலுக்குப் பிடிமானம் இருக்காது.

கறுப்புக்குப் பதிலாக ஆரஞ்சு கலந்த மஞ்சளில் அச்சடிக்கச் சொன்னேன். ஃபாயில் விட்டுப்போன இடத்தில் கறுப்பு எட்டிப் பார்த்தால் அழுக்குப்போல் தெரியும். மஞ்சள் தெரிந்தால் கண் அதையும் தங்கத்தோடு சேர்த்துக்கொள்ளும். ஆனால் மஞ்சள் முழு அடர்த்தியில் இருக்க வேண்டும். வெளிறிய நிறத்தை பிரின்டர் புள்ளிகளாகப் பிரித்துவிடும், தங்கமும் புள்ளி புள்ளியாகத்தான் வரும்.

ஜனவரி 21, செவ்வாய்

லேமினேட்டரைச் சூடாக்கி, ஓரத் துண்டுகளில் சோதனை. ஃபாயிலின் பளபளப்புப் பக்கம் மேலே, மங்கல் பக்கம் டோனர்மேல். இரண்டையும் மடித்த பட்டர் பேப்பருக்குள் வைத்து, மடிப்புப் பக்கம் முதலில் நுழையும்படி தள்ளினேன். வெளியே வந்ததும் உரிக்கக் கூடாது. டோனர் ஆறி இறுகிய பிறகு உரித்தால் எழுத்தின் ஓரம் சுத்தமாக நிற்கிறது.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நிஜத் தங்கமாடி?" என்றார். இல்லை அத்தை, அலுமினியம். மெல்லிய பாலியெஸ்டர் படலம் ஒன்று. அதன்மேல் சூட்டில் விட்டுக்கொடுக்கும் பூச்சு. அடுத்து மஞ்சள் அரக்குப் பூச்சு. அதற்கு அடுத்து, காற்று நீக்கிய அறையில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். சூடு பட்டதும் படலம் விலகிக்கொள்ள, மஞ்சளும் அலுமினியமும் காகிதத்துக்கு மாறிவிடுகின்றன. மஞ்சள் வழியாகத் தெரியும் அலுமினியம்தான் நம் கண்ணுக்குத் தங்கம்.

"எங்க வீட்டுத் தஞ்சாவூர்ப் படத்துல இருக்கிறது அசல் ரேக்காக்கும்" என்றார் அத்தை. உண்மைதான். அங்கே தங்க ரேக்கைப் பசையால் ஒட்டுவார்கள், சூட்டுக்கு வேலையில்லை.

ஜனவரி 23, வியாழன்

நல்ல பனி. காலையில் தாளைத் தொட்டாலே ஈரம் தெரிகிறது. பருத்தி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். லேமினேட்டர் உருளையின் சூடு அந்த ஈரத்தை உலர்த்துவதற்கே செலவாகிவிட்டால் டோனர் இளகாது. அதனால் எல்லாத் தாள்களையும் முதலில் வெறுமனே இஸ்திரி போட்டேன்.

அப்படியும் பெயரின் நடுவே ஊசிமுனை அளவில் இடைவெளிகள். கைவினைத் தாளில் மேடும் பள்ளமும் உண்டு. உருளை மேட்டைத்தான் தொடுகிறது. ஃபாயிலைத் திரும்ப வைத்து, கெட்டியான பலகைமேல், நீராவி இல்லாமல் இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினேன். பெட்டியின் நீராவித் துளைகள் இருக்கும் இடத்தில் அழுத்தம் விழாது. முன்முனையின் வழவழப்பான பகுதியை மட்டும் பயன்படுத்தியதில் பாதி இடைவெளி நிரம்பியது.

சிவகாசி அச்சகங்களில் இந்தத் தொல்லையில்லை. அங்கே எழுத்தை உலோக பிளாக்காக வெட்டி, அதைச் சூடாக்கி, ஃபாயிலோடு சேர்த்து எந்திரத்தால் அழுத்துகிறார்கள். அந்த அழுத்தத்தில் நார்கள் நசுங்கித் தட்டையாகிவிடும். எழுத்து பள்ளத்தில் இறங்கி, முழுசாக மின்னும். டோனரும் தேவையில்லை, ஃபாயிலின் பின்புறமே சூட்டில் ஒட்டும் பசை இருக்கிறது.

ஜனவரி 25, சனி

மீதி இடைவெளிகளைத் துரத்துவதை நிறுத்திவிட்டேன். இன்னும் சூடேற்றினால் ண, ணி போன்ற எழுத்துகளின் சுழிக்குள்ளும் தங்கம் படிந்து அடைத்துவிடுகிறது. பெயரைப் படிக்க முடிய வேண்டும், அதுதான் முதலில். வளையல்களில் விட்டுவிட்டு மின்னுவது, கை அசையும்போது வெளிச்சம் துண்டு துண்டாகத் தெறிப்பது போலவே இருக்கிறது. வழவழ அட்டையில் இது குறை. இந்தத் தாளில் இது தாளின் குணம். அதை மறைக்கவேண்டுமென்றால் ஆர்ட் பேப்பரே வாங்கியிருக்கலாம்.

எழுத்து உரிந்துபோன ஃபாயிலில் சுற்றிலும் தங்கம் அப்படியே இருக்கிறது. உறையின் மூடியில் இருபக்கப் பசை டேப் ஒட்டி, அதன்மேல் அழுத்தி எடுத்ததில் சூடில்லாமலே ஒரு பொன்பட்டை கிடைத்தது.

ஜனவரி 26, ஞாயிறு

அண்ணி வந்தார். ஓர் அட்டையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். "அங்கங்க விட்டுப்போயிருக்கே?" "தாள் அப்படி அண்ணி." பெயரின்மேல் விரலை ஓட்டிவிட்டு, "சரி, இதுவே இருக்கட்டும்" என்றார். பிறகு மெதுவாக, சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்து இருநூறு ஆகுமா என்று கேட்டார்.

ஆகாது என்றேன். இருநூறு என்றால் பிளாக் வெட்டி சிவகாசியில் அடிப்பதுதான் முறை, அதற்கு வழவழ அட்டையே பொருத்தம். இந்த அறுபதை நெருங்கினவர்களுக்கு நேரில் கொடுக்கட்டும். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் போதும் என்று அண்ணனே சொல்லிவிட்டார். நாளை முதல் பேனா வேலை.