அருவிக்குத் தடை போட்ட நாளில்

குற்றாலத்தில் வாலிபர் முகாம் போடுகிறவர்களுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. பாதி நிகழ்ச்சியை அருவியே நடத்திக் கொடுத்துவிடும். காலைத் தியானம் முடிந்தால் ஐந்தருவி, சாயங்காலம் பேரருவி, நடுவில் பசி. முகாம் நடத்துகிற அண்ணனுக்கு வேலையே இல்லை. மலைமேல் மழை வலுத்த நாளில்தான் சங்கடம். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டும், போலீசார் குளிக்கத் தடை போடுவார்கள், தலையில் தேய்த்த எண்ணெயோடு நாற்பது பேர் மண்டபத்துக்குத் திரும்பி வருவார்கள். அப்போது அண்ணன் போனை எடுத்து, வாலிபர் கூடுகைக்கு என்ன ஐடியா இருக்கிறது என்று தேடுவார். கைகளைக் கோத்துச் சிக்கிக்கொண்டு பிறகு அவிழ்ப்பது, செய்தித்தாளில் கோபுரம் கட்டுவது, நூடுல்ஸ் குச்சியின் உச்சியில் மார்ஷ்மெல்லோவை நிறுத்துவது என்று வரிசையாக வந்து விழும். மார்ஷ்மெல்லோவுக்குத் தென்காசிக் கடைத்தெருவில் எங்கே போவது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். இத்தனை நீளப் பட்டியலில், வெளியே சாரலில் நனைந்துகொண்டு நிற்கிற மலைக்குச் சொந்தமான ஒன்று கூட ஏன் இல்லை என்பதுதான் விசித்திரம். தென்காசியிலிருந்து வருகிற வழியில் மேலகரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த ஊர்க்காரர் ஒருவர், ஒரு கூட்டத்தையே சிரிக்கவும் பாடவும் வைக்கிற வித்தையை முழுதாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியைத்தான் சொல்கிறேன். குற்றாலநாதர்மேல் காதல்கொண்ட தலைவிக்குக் குறத்தி குறி சொல்கிற கதை அது. மதுரையை ஆண்ட முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் அதற்குப் பரிசாக நிலம் கொடுத்தார், அந்த இடத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பெயர். நாயக்கர் எதற்கு மயங்கினார் என்று தெரிந்துகொள்ள, முழு நூலையும் படிக்க வேண்டியதில்லை, சிங்கனும் சிங்கியும் சந்திக்கிற இடம் ஒன்று போதும். குறி சொல்லப் போன மனைவியைத் தேடித் தேடி அலுத்துப்போன சிங்கன் கடைசியில் அவளைக் கண்டுபிடிக்கிறான். இத்தனை நாளும் சொல்லாமல் எங்கே போனாய் என்று முதல் கேள்வி. கேட்டவன் பார்வை அவள் காலுக்குப் போகிறது. விரியன் பாம்பு கடித்துக்கொண்டு கிடக்கிறதே என்று பதறுகிறான். அது சேலத்துப் பக்கத்தில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் அவள். அதற்குமேல் முறுக்கிக்கொண்டு இருப்பது என்ன? இன்னொரு நாட்டார் கொடுத்த தண்டை. இப்படியே கேள்வியும் பதிலுமாக நகை நகையாக மேலே ஏறிப் போகிறது பாட்டு. சிங்கனுக்குத் தெரியாத பதில், கேட்டுக்கொண்டிருக்கிற அத்தனை பேருக்கும் முன்னாலேயே தெரியும், வேடிக்கையே அதில்தான். நம் வேதாகம வினாடி வினாவில் பதில் தெரிந்த இரண்டு பேர் கை தூக்குகிறார்கள், மற்ற முப்பத்தெட்டுப் பேர் சுவரைப் பார்க்கிறார்கள். இங்கே கேட்கிறவன், சொல்லுகிறவள், சிரிக்கிறவர்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு. குற்றாலத்திலேயே வந்து தங்கிவிட்ட ரசிகமணி டி.கே.சி., ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்பவர்களைக் கட்டிப்போடுவார் என்பார்கள். இந்த மாதிரிப் பாட்டு கையில் இருந்தால் யாராலும் கொஞ்சமாவது முடியும்.

கோயில் பிரபந்தத்துக்கும் சபை வாலிபருக்கும் என்ன சம்பந்தம் என்று சேகரகுரு புருவத்தை உயர்த்தலாம். சம்பந்தம் புதிதல்ல, 1800இலேயே ஏற்பட்டுவிட்டது. குற்றாலத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் இருக்கிற பாளையங்கோட்டைப் பக்கத்தில் 1774இல் பிறந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். சிறு வயதிலேயே மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் வளர்த்த பிள்ளை. அவர் எழுதியதுதான் பெத்லகேம் குறவஞ்சி. தலைவி தேவமோகினி, அவள்தான் திருச்சபை. தலைவன் கிறிஸ்து. குறி சொல்ல வருகிற சிங்கி, விசுவாசம். சிங்கன் குருவாகிறான், அவனுக்கு எடுபிடியான நூவன் உபதேசியாகிறான் (உபதேசியார்களின் வேலைப் பளுவை அறிந்த எவரும் இந்தப் பொருத்தத்தை ரசிப்பார்கள்). இதோடு நில்லாமல், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்கிற கோப்பர்நிக்கஸ் கணக்கையும், உலக தேசங்களின் பெயர்களையும் பாட்டுக்குள் புகுத்தினார். தாம் பள்ளியில் கற்றதையும் வேதத்தில் படித்ததையும் ஊரார் வாயில் இருந்த மெட்டையும் ஒரே பந்தலின்கீழ் கொண்டுவந்து உட்காரவைத்தபோது அவருக்கு வயது 26. இன்றைய கணக்கில் வாலிபர் ஐக்கியத்து உறுப்பினர்.

வாலிபரைப் பிடித்து வைப்பது விளையாட்டு அல்ல, அவர்களை நம்பிக் கொடுக்கிற வேலை என்பதே என் கட்சி. இதற்கு ஆதாரம் தேட வெளியே போக வேண்டாம். வாராந்தரக் கூடுகையில் கொட்டாவி விடுகிற அதே பையன், அசனப் பண்டிகையன்று விடியற்காலையிலேயே வந்து நின்று சாம்பார் வாளியோடு பந்திக்குப் பந்தி ஓடுகிறான். அங்கே அவனுக்கு யாரும் விளையாட்டுக் காட்டவில்லை, அவன் ஓடாவிட்டால் இலையில் சாம்பார் விழாது, அவ்வளவுதான். 1881 பிப்ரவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தைத் தொடங்கியபோது கண்டுகொண்டதும் இதுவே. வருகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதாவது ஒரு பங்கு எடுத்தே தீர வேண்டும் என்று அவர் வாக்குறுதி வாங்கினார். உலகமெங்கும் அது பரவியது. நம் பக்கத்தில் வெள்ளாளன்விளை வே.ச. அசரியா ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராய்ச் சுற்றிக்கொண்டிருந்தவர். 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து நம் கரைக்கு ஊழியரை அனுப்பியிருப்பதைத் தெரிந்துகொண்டு திரும்பினார். மறு வருஷமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அசரியாவுக்கு அப்போது 28 வயது. அந்த வயதுக்காரர்களை இப்போது கண்ணைக் கட்டி பலூன் உடைக்கச் சொல்கிறோம்.

எதிர்வாதங்கள் வரும், வரட்டும். குறி பார்ப்பது உபாகமத்தில் விலக்கப்பட்ட காரியமல்லவா என்பார்கள். விலக்கப்பட்டதுதான். அதனால்தான் சாஸ்திரியார் சிங்கியின் வாயில் கைரேகையை வைக்காமல், தீர்க்கதரிசிகள் சொன்னதை வைத்தார். காதல் பாட்டைச் சபைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதா என்றால், உன்னதப்பாட்டை வேதாகமத்திலிருந்து எடுத்துவிட்டு வந்து கேட்கட்டும். சாஸ்திரியாரே குறையில்லாதவரா என்று ஒருவர் எழுந்தால் நான் மறுக்க மாட்டேன். தஞ்சைச் சபையில் சாதி பார்த்துத் தனித்தனியாய் உட்காருவதைப் புதிய மிஷனெரிகள் ஒழிக்க வந்தபோது எதிர்த்து எழுதியவர் அவர். பாட்டை எடுத்துக்கொள்ளலாம், அந்த எழுத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. குறவர்கள் கதைப் பாத்திரங்கள் அல்ல, நம்மோடு வாழ்கிற மக்கள். பாசிமணியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர்கள் பேச்சைக் கேலி பண்ணிக் கைதட்டல் வாங்குவது நம் மேடைகளின் கெட்ட பழக்கம். அதற்கு நடுவர்கள் பரிசும் கொடுக்கிறார்கள். ஆகவே வேடமே வேண்டாம் என்பேன். கவிராயரிடமிருந்து எடுக்க வேண்டியது உடுப்பை அல்ல, அந்தக் கேள்வி பதில் அமைப்பை. இரண்டு நாள் முகாமில் இதற்கெல்லாம் நேரமேது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் எங்கே ஓடும் என்பது கடைசி ஆட்சேபம். இரண்டு நாளில் முழுக் குறவஞ்சி எழுத முடியாதுதான், எட்டுக் கண்ணி எழுதலாம். தமிழ் ஓடாது என்று சொல்கிறவர்கள், அதே பிள்ளைகள் கானாப் பாட்டுக்கு வரி கட்டுகிற வேகத்தை ஒருமுறை கவனிக்க வேண்டும்.

எதை எழுதுவது என்று கேட்டால் என்னிடம் ஒரு யோசனைதான் இருக்கிறது. அதுவும் பெத்லகேமில்தான் நடக்கிறது. வாற்கோதுமை அறுப்புக் காலம். ரூத் நாள் முழுக்கக் கதிர் பொறுக்கி, சாயங்காலம் தட்டி அளந்து, ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருகிறாள். தான் தின்று மீந்ததையும் எடுத்து மாமியாரிடம் நீட்டுகிறாள். நகோமிக்கு ஆச்சரியம். அன்றைக்கு எங்கே பொறுக்கினாள், எந்த வயலில் வேலை செய்தாள் என்று கேட்கிறாள். சிங்கன் கேட்ட அதே கேள்வி, அந்த வீட்டிலும் கேட்கப்பட்டிருக்கிறது. மாமியார் கேள்வி ஒரு குழுவுக்கு, மருமகள் பதில் ஒரு குழுவுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடலாம். மடியில் கனக்கிறது என்ன, முந்தானையில் முடிந்திருப்பது என்ன, முகம் ஏன் இப்படி மலர்ந்திருக்கிறது என்று நகோமி கேட்டுக்கொண்டே போகட்டும். வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸின் பெயரைக் கடைசிக் கண்ணி வரை ரூத் சொல்லாமல் இழுத்தடிக்கட்டும். வயலைப் பற்றிப் பாடும்போது யூதேயா தெரியாது என்று தவிக்கிறவன் கடையநல்லூர் வயலைப் பாடட்டும், குற்றமில்லை. மெட்டுக்கு கிட்டார் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சமையல்கட்டில் காலி அண்டா இருக்கும். தடை நீங்கி அருவியைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தாலும், பாட்டை முடிக்காமல் யாரையும் வெளியே விடாதீர்கள். ரூத் இரண்டாம் அதிகாரத்தில் மொத்தம் 23 வசனம். சத்தமாக வாசித்தால் ஐந்து நிமிஷம் ஆகும்.