டோக்கன் கேட்காத சித்தப்பா

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ராஜபாளையம் போயிட்டு அய்யனார் கோவில் போகாம திரும்புற வழக்கம் நம்ம வீட்டுல இல்லை. "சாமி ஒரு சாக்கு, உங்களுக்கு ஆத்துல குளிக்கணும்"னு தங்கமணி சொல்வாங்க. உண்மைதான். நீர்காத்த அய்யனார் கோவிச்சுக்க மாட்டார் :-)

இந்தத் தடவை சித்தப்பாவும் வந்தார். வழியில ஆறாவது மைல் டேம் பக்கம் வண்டியை நிறுத்தினப்போ அவருக்கு ஒரு போன். தள்ளி நின்னு பேசிட்டு சிரிச்சுக்கிட்டே வந்தார்.

"பேங்க்லருந்துடா. கார்டுல பாயிண்ட் சேந்திருக்காம், பணமா மாத்தித் தர்றாங்களாம்."

நான் டயர்ல காத்து பாத்துக்கிட்டு இருந்தேன். "அப்படியா சித்தப்பா"ன்னேன். அவ்வளவுதான். அந்த ஒரு "அப்படியா" இன்னும் உறுத்துது.

மேல போன்ல சிக்னல் இல்லை. மூணு மணி நேரம் குளிச்சு, புளிசாதம் சாப்பிட்டு, ஊருக்குள்ள இறங்கினதும் அவர் போன் கத்த ஆரம்பிச்சுது. ரெண்டு தடவையா 24,800 ரூபாய். ஃபிக்சட் டெபாசிட்டை அடமானமா வச்சு பேங்க்ல கொடுத்த கிரெடிட் கார்டு அது.

ஓடிபி வந்த மெசேஜைத் திறந்து பாத்தேன். எவ்வளவு தொகைக்குன்னு அதுலயே இருக்கு. சித்தப்பா ஆறு இலக்க நம்பரை மட்டும் படிச்சிருக்கார்.

ஒரு காலத்துல கடையில கார்டைத் தேய்ச்சு கையெழுத்துப் போடுவோம். தங்கமணி கார்டுல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், ஒருத்தரும் கேட்டதில்லை. இணையத்துல கார்டு மேல இருக்கிற நம்பர் மட்டும் போதாது, கூடுதலா ஒரு சரிபார்ப்பு வேணும்னு 2009 ஆகஸ்ட் 1 முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கினது நல்ல விஷயம். ஆனா யோசிச்சுப் பாருங்க. பேங்க் நம்மளை ஆயிரம் கேள்வி கேக்குது. பிறந்த தேதி, பின் நம்பர், ஓடிபி... பேங்க்னு சொல்லிக் கூப்பிடுறவனை நாம ஒரு கேள்வி கேக்குறோமா?

உடனே கார்டை பிளாக் பண்ணி, 1930-க்குப் போன் போட்டுப் புகார் கொடுத்தோம். ஆனா ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட விதிப்படி, ஓடிபியை நாமளே சொல்லியிருந்தா, பேங்குக்குத் தகவல் சொல்ற வரைக்கும் போனது நம்ம கணக்கு. சொன்னதுக்கு அப்புறம் போனாத்தான் பேங்க் பொறுப்பு. குளிச்ச மூணு மணி நேரத்துல இன்னும் போகாம இருந்ததே அய்யனார் புண்ணியம்.

சித்தப்பாவுக்குப் பணத்தைவிட அவமானம் பெருசு. முப்பது வருஷம் மில் கேட்டுல வாட்ச்மேன். "டோக்கன் இல்லாம மேனேஜர் மச்சானையே உள்ள விட்டதில்லைடா. இவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே"ன்னு ராத்திரி முழுக்கத் திண்ணையில உக்காந்திருந்தார்.

அந்த டோக்கன் நம்மகிட்டயே இருக்கு மக்களே. கார்டுக்குப் பின்னாடி பேங்க் நம்பர் அச்சடிச்சிருக்கும். யார் கூப்பிட்டாலும் கட் பண்ணிட்டு, அந்த நம்பருக்கு நாமளே கூப்பிட்டுக் கேக்கணும்.

நேத்து சித்தப்பாவுக்குப் போன் பண்ணேன். எடுத்ததும், "யாரு? என் அப்பா பேரு என்ன, சொல்லு"ன்னார்.

தாத்தா பேரைச் சொன்னதுக்கு அப்புறம்தான் பேசினார் :-)